வெந்துபோன மந்திரம்

வளைகுடா நகரத்துக் கராமா பகுதியில் அந்த மாதம் மெட்ரோவைவிட அதிகக் கூட்டம் சரோஜாவின் வீட்டுக் கூடத்தில்தான். அங்கே உமாபதி சுவாமிகள் எழுந்தருளியிருந்தார். விசிட் விசாவில்.

சுவாமிகளின் சரக்கு 'ஜீவ தீர்த்தம்'. சின்ன பாட்டிலில் பழுப்புத் தண்ணீர். மந்திரம் ஓதியது. பால்கனித் தொட்டியில் ஊற்றினால் தக்காளி நாற்று வாடாது, கறிவேப்பிலை தழைக்கும். தழைக்கவும் செய்தது! அதுதான் ஆபத்து. முழுப் பொய்யைவிட, உண்மை கொஞ்சம் ஒட்டிய பொய்க்குத்தான் பக்தர்கள் அதிகம். இன்ஜினியர் வந்தார், ஆடிட்டர் வந்தார். செருப்போடு மூளையையும் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

"செடியை வாழவைக்கிற தீர்த்தம் மனுஷனை வாழவைக்காதா?" என்றார் சுவாமிகள் ஒரு சனிக்கிழமை. அன்றிலிருந்து தீர்த்தம் வேரை விட்டு வாய்க்கு ஏறியது.

சரோஜாவின் கணவர் பன்னீர்செல்வத்துக்குச் சர்க்கரை நோய். பக்கத்து ஃபிளாட் அகிலா லிஃப்டுக்குள் நுழைந்தபோது, அவர் கம்பியைப் பிடித்துத் தள்ளாடிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மாத்திரை போட்டீங்களா?"

"சாமி வேணாம்னுட்டாரும்மா. தீர்த்தம் குடிக்கிறேன்."

அகிலா வேளாண்மை படித்தவள். நேராகச் சரோஜாவிடம் போனாள்.

"அக்கா, அது பாக்டீரியா கலந்த தண்ணி. வேரைச் சுத்தி வளர்ந்து, வாடல் நோய்க் கிருமியை அண்டவிடாது. செடிக்கு நல்லது. அண்ணனுக்கு எதுக்கு?"

"உன் படிப்புக்கு மேல ஒண்ணு இருக்கு, அகிலா."

"இருக்கு அக்கா. சோதனை."

அடுத்த கூட்டத்தில் அவள் பணிவாகக் கேட்டாள்: "சாமி, தீர்த்தத்தைக் கொதிக்கவெச்சா மந்திரம் போயிடுமா?"

பக்தர்கள் பதறினார்கள். சுவாமிகள் சிரித்தார். "என் மந்திரம் உலைக்கு அஞ்சாது, தாயே!"

அத்தனை பேரும் கேட்டார்கள். அகிலாவுக்கு அது போதும்.

வாடல் நோய் தாக்கிய மண்ணை அள்ளி வந்து தொட்டிகளில் நிரப்பி, தக்காளி நாற்று நட்டாள். முதல் வரிசைக்குத் தீர்த்தம். இரண்டாவதற்கு அதே தீர்த்தம், கொதித்து ஆறியது. மூன்றாவதற்கு, செடிக்கடையில் வாங்கிய பாக்டீரியாப் பொடியைக் கரைத்த தண்ணீர். மந்திரம் கிடையாது. இதற்கிடையில் பன்னீர்செல்வத்தைக் கெஞ்சி, மனைவிக்குத் தெரியாமல் மாத்திரை விழுங்கவைத்தாள். சொந்த வீட்டுக்குள்ளேயே மருந்துக் கடத்தல்!

சில வாரங்களில் தொட்டிகள் கூடத்துக்கு வந்தன. முதல் வரிசை பச்சை. மூன்றாவதும் பச்சை. நடு வரிசை தலை தொங்கிக் கிடந்தது.

"மூணாவதுக்கு என்ன மந்திரம் சொன்னே?" என்று கேட்டார் ஆடிட்டர்.

"மந்திரமா? தினமும் திட்டினேன் சார். சாமி மேல இருந்த கோபத்துல."

கூடம் சிரித்தது. சுவாமிகள் சிரிக்கவில்லை. "கொதிக்கவைத்தது பாவம்! தேவதை ஓடிவிட்டாள்."

"உலைக்கு அஞ்சாதுன்னீங்களே சாமி? வெந்து செத்தது பாக்டீரியா. மந்திரம் இருந்த இடத்துலயேதான் இருக்கு. செடியைத்தான் காணோம்!"

சரோஜா எழுந்து சுவாமிகளின் அறைக்குள் போனாள். அவருடைய பெட்டியை இழுத்து வந்து எல்லோர் முன்னாலும் கவிழ்த்தாள். பாக்கெட் பாக்கெட்டாக அதே பாக்டீரியாப் பொடி. ஒவ்வொன்றிலும் தக்காளிப் படம். கீழே எச்சரிக்கை. அதைச் சத்தம் போட்டுப் படித்தாள்.

"பயிர்களுக்கு மட்டும். மனிதர் உட்கொள்ளக் கூடாது."

படித்து முடித்ததும் குரல் உடைந்தது. "இதையா என் புருஷனுக்குக் குடுத்தே? நான்தானேடா டம்ளர்ல ஊத்திக் குடுத்தேன்!"

பன்னீர்செல்வம் மெல்ல அவள் கையைப் பிடித்தார். "அழாத சரோஜா. நான் மாத்திரை போட்டுட்டுதான் இருக்கேன்."

அவள் அழுகையை நிறுத்தி, அவரை முறைத்தாள். பிறகு மறுபடி அழுதாள். இது வேறு அழுகை.

"கலாஸ் சாமி, முடிஞ்சுது, கிளம்புங்க. பெட்டி கவிழ்ந்தப்பவே போலீஸுக்குப் போன் போட்டாச்சு" என்றார் இன்ஜினியர். முக்காலமும் உணர்ந்தவர் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியிறங்கி ஓடினார். கீழே போலீஸ் நிற்பது மட்டும் அவருடைய ஞானதிருஷ்டிக்குத் தெரியவில்லை.

மண்ணுக்குள் கிடக்கும் கிருமி, யாரும் கும்பிடாமலே தன் வேலையைச் செய்கிறது. நம் மண்டைக்குள் ஒன்று சும்மா கிடக்கிறதே, ஐயா, அதையும் கொஞ்சம் டூட்டிக்கு அனுப்பினால் என்ன?