கல்லூரிக்கு முன் ஆறு ஞாயிறுகள்

கிளீவ்லாந்து
ஏப்ரல் 22, புதன்கிழமை

அன்புள்ள அண்ணன் லாசருக்கு,

வின்னிபெக் குளிரில் உன் முழங்காலும் அண்ணி பெசியின் முதுகும் அதிகம் தொல்லை கொடுக்காமல் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் தல்யாவும் உடம்பளவில் சௌக்கியம். மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால், நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மறுப்புச் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். தாளில் அது முடியாது.

போன ஹனுக்கா பண்டிகைக்கு வந்திருந்தபோது, எங்கள் ஜெப ஆலயத்தின் கல்விக் குழுத் தலைவர் ஃபிங்கிடம், "என் தங்கச்சி பதினஞ்சு வருஷம் காலேஜ்ல பாடம் நடத்தினவ" என்று பெருமையடித்துவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டாய். நடத்தியது புள்ளியியல் என்பதை நீ சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பலன், இந்த வருடம் பள்ளி முடிக்கும் எட்டுப் பிள்ளைகளைக் கல்லூரியின் சமய வாழ்வுக்கும் அரசியலுக்கும் தயார் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆறு ஞாயிறு, காலை பத்து மணி, ஆலயத்தின் கீழ்த்தளம், ஆறிப்போன பேகல் ரொட்டி. எட்டில் ஒன்று தல்யா. அம்மா நடத்தும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பதினெட்டு வயதுப் பெண்ணின் முகம் எப்படி இருக்கும் என்று உனக்கு வரைந்து காட்ட வேண்டியதில்லை.

முதல் வாரம், கல்லூரியை நினைத்தால் எது பயமாக இருக்கிறது என்று பெயர் போடாமல் எழுதித் தரச் சொன்னேன். கடவுள், இஸ்ரேல், யூத வெறுப்பு என்று வரும், அதை வைத்து மிச்ச வாரங்களை ஓட்டிவிடலாம் என்பது என் கணக்கு. வந்தது வேறு. துணி துவைக்கும் இயந்திரம் என்று இரண்டு பேர். அறைத்தோழன் குறட்டை விட்டால் என்ன செய்வது என்று ஒருவன். அம்மா தினமும் போன் செய்வாள் என்று நான்கு பேர். கடைசிச் சீட்டில், 'நான் போனதும் அம்மா தனியாக இருப்பாள்' என்று இருந்தது. கையெழுத்து எனக்குத் தெரிந்ததுதான். மற்றவற்றோடு சேர்த்து மடித்து வைத்துவிட்டு, துணி துவைப்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன்.

இரண்டாம் வாரம் குழுவின் அன்பளிப்புப் பைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் பேட்டரியில் எரியும் இரண்டு மெழுகுவர்த்திகள். விடுதி அறையில் நெருப்புக் கூடாது என்பது எல்லாக் கல்லூரியிலும் சட்டமாம். சபாத் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன் இந்தப் பிளாஸ்டிக்கின் பொத்தானை அமுக்கிவிட்டு ஆசீர்வாதம் சொன்னால் செல்லுமா என்று ஆஷர் என்ற பையன் கேட்டான். எனக்குத் தெரியாது, ஆலயத்து மதகுரு ரபியைக் கேட்டேன். செல்லும், செல்லாது, நான் சொன்னதாகச் சொல்லாதே என்று மூன்று பதில்கள் கொடுத்தார். பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் அதை வைத்துச் சண்டை போட்டார்கள். இதுவரை நடந்ததில் உருப்படியான வகுப்பு அதுதான், அதில் நான் வாயே திறக்கவில்லை.

அந்தத் தெம்பில்தான் மூன்றாம் வாரம் அந்தக் காரியத்தைச் செய்தேன். இஸ்ரேல் விஷயத்தில் இந்த எட்டுப் பேரும் சரிபாதி. நான்கு பேர் எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் போகிறவர்கள், நான்கு பேர் சட்டையில் கொடி குத்திக்கொள்கிறவர்கள். நம் ஆட்கள் இரண்டாயிரம் வருடமாக வேதத்தை இருவர் இருவராக உட்கார்ந்து, எதிராளியின் கட்சியையும் தானே பேசித்தானே படிக்கிறார்கள், இதையும் அப்படியே செய்யலாம் என்று நினைத்தேன். எதிர்த்தரப்பை அவர்களைவிட நன்றாக வாதாடுகிறவருக்குக் கடைசி எள்ளு பேகல் என்று அறிவித்தேன். நன்றாக வாதாடினார்கள் அண்ணா. மிக நன்றாக. ஊர்வலக்காரர்கள் நாலு பேரும் கொடியோடு வீட்டுக்குப் போனார்கள், கொடிக்காரர்கள் நாலு பேரும் ஊர்வலத் தேதி கேட்டுக்கொண்டு போனார்கள். ஆக, அந்த வெள்ளிக்கிழமை எட்டு வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் சண்டை. ஒரு கட்சி வீட்டில் மட்டும் நடந்திருந்தால் மறு கட்சியாவது எனக்குப் பரிந்து பேசியிருக்கும்.

ஃபிங்க் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, மெதுவாகவே சொன்னார். "நெஹாமா, பிள்ளைங்களுக்குப் பதில் சொல்லிக் குடுங்கன்னுதானே உங்களைக் கேட்டோம். நீங்க கையில இருந்த பதிலையும் பிடுங்கிட்டு அனுப்புறீங்களே." எட்டுப் பேரின் நிலைப்பாடு ஒரே நாளில் மாறுவது எட்டு முறை தனித்தனியாக நடந்த நிகழ்வாகாது, புள்ளியியலில் அது ஒரே நிகழ்வுதான் என்று விளக்கினேன். அதன் பிறகு அவர் எனக்குத் தேநீர் கொடுப்பதில்லை.

அரசியல் வேண்டாம் என்று நாலாம் வாரம், அதாவது போன ஞாயிறு, சமயத்துக்கு வந்தேன். அறைத்தோழியாக நான் நடிப்பேன், நக்கலும் கேட்பேன், நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்றேன். பன்றிக்கறி ஏன் வேண்டாம், கடவுளைப் பார்த்தாயா, உன் அப்பா அம்மா நம்புகிறார்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். எனக்கு நடிக்க வராது என்று நீ நினைத்தால் தப்பு. ஆஷர் மூன்றே கேள்வியில், "நீங்க சொல்றது சரிதான் மிஸ்" என்று கையைத் தூக்கிவிட்டான். கடைசியில் தல்யா. வெள்ளிக்கிழமை எதற்காக விளக்கேற்றுகிறாய் என்று கேட்டேன்.

அவள் பேகலைக் கீழே வைத்தாள். "இது நடிப்பாம்மா, இல்ல நெசமாவே கேக்கிறியா?" என்றாள். நான் அறைத்தோழி என்றேன். "சரி, நான் எங்கம்மா ஏத்துறதாலதான் ஏத்துறேன். எங்கம்மா எதுக்கு ஏத்துறா?"

ஏழு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "உனக்காகத்தான்" என்றேன்.

"அப்ப ஆகஸ்ட்ல நான் போனதும் நிறுத்திடுவே."

அதை அவள் கேள்வியாகக் கேட்கவில்லை. வகுப்பை இருபது நிமிடம் முன்னதாகவே முடித்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் காரில், நம் அம்மாவின் பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கிகள் இரண்டையும் கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிப் பார்த்தேன். "எனக்கு வேணாம்" என்றாள். அதற்கப்புறம் மூன்று நாளாக உப்பு, சாவி, குடை தவிர வேறு பேச்சில்லை.

அவள் அப்பா போய் எட்டு வருடமாகிறது. வெள்ளிக்கிழமை அந்த ஐந்து நிமிடம்தான் நாங்கள் இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரம். எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும், இப்போது மற்ற ஏழு குடும்பத்துக்கும் தெரியும். எட்டுப் பிள்ளைகளைத் தயார் செய்யப் போய், இருந்த ஒரு பிள்ளையின் கையிலிருந்ததையும் நானே தட்டிவிட்டேன். அதனால் கேட்கிறேன். நீ நம்புகிறவன். இந்தக் கடிதம் கிடைத்ததும் அவளுக்குப் போன் செய். எதற்காக ஏற்ற வேண்டும் என்று, என்னால் சொல்ல முடியாததை நீ சொல். மிச்சமிருக்கும் வாரங்களுக்கு நான் தகுதியில்லை என்று ஃபிங்குக்கும் நீயே ஒரு வரி எழுதிவிடு. மாட்டிவிட்டவன் நீதானே. இந்த வெள்ளிக்கிழமை அவள் இல்லை, சேரப்போகும் கல்லூரியைப் பார்க்க இரண்டு நாள் போகிறாள். வேடிக்கை பார்க்க ஆளில்லாத வீட்டில் நானும் ஏற்றப்போவதில்லை. அதுவாவது நேர்மையாக இருக்கட்டும்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் குளிர் சீக்கிரம் விடட்டும், படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்.

உன் தங்கை,
நெஹாமா

பின்குறிப்பு, ஞாயிறு மதியம். கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன். தல்யாவுக்குப் போன் செய்யாதே. ஃபிங்குக்கும் எழுதாதே, இன்று காலை ஐந்தாம் வார வகுப்பை நடத்திவிட்டேன், யாரும் மதம் மாறவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூசி துடைக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன், வேறெதற்கும் இல்லை, தூசிக்காகத்தான். பித்தளைத் தாங்கிகளைக் காணோம். அந்த இடத்தில் பேட்டரி மெழுகுவர்த்திகளும் ஒரு சீட்டும். 'கடன் வாங்கிக்கறேன். சும்மா ஒரு சோதனை. உனக்கு இது.' அந்தப் பிளாஸ்டிக்கை அப்படியே வைத்துவிட்டேன். பிறகு அவித்த முட்டை நிறுத்தும் பீங்கான் கிண்ணங்கள் இரண்டைத் தேடி எடுத்து, நிஜ மெழுகுவர்த்தி தேடி, தீப்பெட்டி தேடி ஏற்றுவதற்குள் சூரியன் மறைந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது. நேரம் தப்பினால் ஏற்றாமல் விடுவதே மேல், அதற்குப் பிறகு நெருப்பு மூட்டுவதுதான் சபாத்தை மீறுவது என்று நீ சொல்வாய். தெரிந்துதான் செய்தேன். தல்யா சற்று முன்தான் வந்தாள். பையிலிருந்து தாங்கிகளை எடுத்து வைத்தாள். இரண்டிலும் மெழுகு வழிந்து உறைந்திருந்தது. விடுதிச் சட்டத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. ஒட்டிய மெழுகு இளக அடுப்பில் வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்த முட்டைக் கிண்ணங்களை அவள் குனிந்து பார்த்தாள். அவளும் கேட்கவில்லை. "இதையும் அதுலயே போட்டுடும்மா" என்றாள்.