குடம் ஐயாவும் மாரியாயியின் ஃபைலும்

குடம் ஐயாவைப் போல ஒரு கந்தோரைக் கெடுத்த மனிதர் மாத்தளையில் பிறந்ததில்லை. இனியும் பிறக்க வேண்டாம்.

தேயிலைத் தோட்ட சனங்களின் இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பங்களைப் பார்க்கும் எங்கள் கந்தோருக்கு அவர்தான் தலைவர். கொழும்பில் ஒரு வாரம் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்தார், வந்தது வினை. அதன்பிறகு உவமை இல்லாமல் அவருக்குத் தேத்தண்ணீர் கேட்கக்கூட வராது. கந்தோர் தேன்கூடாம், நாங்கள் தேனீக்களாம். "அப்ப தேன யாருங்கய்யா சாப்பிடுறது?" என்று கேட்ட டைப்பிஸ்ட் மிஸ்ஸின் லீவை வெட்டினார்.

எழுபதுகளின் கடைசியில், இருபது வருடம் ஃபைல் அறையிலேயே கிடந்த ராசையா அண்ணனுக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. அந்த இடத்துக்கு நான்.

"மூணு மாசமாவது அவருகூட நின்னு பழகணுங்கய்யா" என்று ஐயாவிடம் கேட்டேன்.

"என்னாத்துக்கு? அறிவுங்கிறது தண்ணி. அவரு ஒரு குடம், நீங்க ஒரு குடம். மூணே நாள்ல ஊத்திறலாம்!"

மூன்று நாள் ஊற்றினோம். ஒரு பெயர்ப் பட்டியலைத் தந்துவிட்டு அண்ணன் பஸ் ஏறினார்.

அடுத்த வாரமே தோட்டத்திலிருந்து மாரியாயி வந்தாள். பிரஜை என்ற தாள் இல்லாவிட்டால் அவளை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள்; தாள் கொடுக்க அவளுடைய பழைய விண்ணப்ப ஃபைல் வேண்டும். ஒரே மகள் இங்கே பிரஜை, யட்டவத்தயில் வாழ்க்கைப்பட்டவள்.

"புள்ளய விட்டுட்டு நா எங்கிட்டு சாமி போறது?" என்று அழுதாள்.

பட்டியலில் அறுபத்திரண்டு மாரியாயிகள். ஒரு ஃபைலாவது பெயர் வரிசையில் இருந்தால்தானே!

"ஓட்டக் குடம்யா நீ!" என்று எல்லார் முன்னாலும் ஐயா கத்தினார். மனிதன் அறிவு என்ன பீலியில் கொட்டும் தண்ணீரா, பிடித்து நிரப்ப?

ராசையா அண்ணனுக்குக் கடிதம் போட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: "பேர வச்சா தேடுற? எந்தக் கங்காணியோட ஆளுன்னு கேளு, அந்தக் கட்டுல இருக்கும். எனக்குக் கை தானாப் போயிரும். இதச் சொல்லணும்னே தோணலப்பா."

அவள் குடும்பத்தை வேலை வாங்கிய கங்காணியின் பெயரைத் தோட்டத்தில் விசாரித்ததும் அரை மணியில் ஃபைல் கிடைத்தது. கூடவே செய்தியும்: மாரியாயியின் கப்பல் முந்தாநாளே தலைமன்னாரை விட்டுப் போய்விட்டது.

ஐயா ஃபைலை எடுத்துக்கொண்டு யட்டவத்த பஸ்ஸில் ஏறினார். நானும் போனேன். மகளின் வாசலில், வெறும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"எம்பிழை தாயி. ராசையாவ மூணு மாசம் நிப்பாட்டி வச்சிருக்கணும். இவன் கேட்டான், நாந்தான் கேக்கல."

அவள் ஃபைலைப் புரட்டிப் பார்த்தாள். "இத வச்சு அம்மாவக் கூப்பிட ஏலுமாங்கய்யா?"

ஏலாது என்று தலையசைத்தார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான்தான் கை கொடுத்து எழுப்பினேன். மாத்தளை வரும்வரை அந்தக் கையை விடவில்லை.