லிஸ்பன் சர்ச் வாசலில் கழற்றி வைத்த செருப்பு

பூட்டிய கதவைத் திரும்பி வந்து இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் நான் தெருமுனையைத் தாண்டியதில்லை. (மூன்று முறை என்பார் என் கணவர்.) அப்படிப்பட்ட நான், நான்கு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு யாங்கோனிலிருந்து லிஸ்பனுக்குப் போனேன். கப்பலில் இன்ஜினியரான அவரை நாங்கள் பார்த்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவர் கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வந்தபோது கிடைத்தது ஒரே ஒரு நாள் லீவு, அதுவும் காலை பதினொன்றிலிருந்து மாலை ஐந்து வரை. மீமீக்கு அப்பா என்றால் போனுக்குள் இருப்பவர்.

"நீங்க தங்கியிருக்கிற இடத்துக்கே வந்து கூட்டிக்கிறேன்" என்றார்.

"வேண்டாம், நானே ட்ராம்ல வர்றேன்" என்றேன்.

அது வீம்பு. "உள்ளூர்ல தாமுவேலேருந்து சூலே போறதுக்கே பஸ்ல நாலு பேரைக் கேப்பா, இவ லிஸ்பன் போறாளாம்" என்று மாமியார் சிரித்தது காதிலேயே இருந்தது.

சந்திக்கும் இடத்துக்கு அவர் சொன்ன அடையாளம்: பெரிய சர்ச், இரண்டு கோபுரம், எட்டாவது நிறுத்தம். நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று. தங்கிய இடத்தின் வைஃபையைத் தாண்டினால் என் போன் வெறும் கடிகாரம்தான். அவரைப் பார்க்கப் போகிறோமே என்று எனக்கும் மீமீக்கும் சிவப்பு வெல்வெட் செருப்பு. (அந்த ஊர் முழுக்க மேடு, வழவழப்பான கல் பாவிய தெரு என்று யாரும் சொல்லவில்லை.)

ஐந்தாவது நிறுத்தம் தாண்டியதும் பதற்றம் வந்துவிட்டது. எங்கள் ஊர் பஸ்ஸில் இறங்க ஆள் இருந்தால் "பாதே" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். கூட்டத்தைத் தாண்டிக் கேட்கும்படி, பபேடான் சந்தைக் குரலில். ட்ராம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அடுத்த நிறுத்தத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தி, எனக்காகவே காத்திருந்தார். இனி எப்படி உட்கார்ந்திருப்பது? வெட்கத்தில் இறங்கிவிட்டேன்.

எதிரே ஒரு சர்ச். இரண்டு கோபுரம். கடவுள் என் பக்கம் என்று நினைத்தேன்.

கோயிலோ பகோடாவோ, செருப்போடு உள்ளே போய் எனக்குப் பழக்கமில்லை. படியில் இருவர் செருப்பையும் கழற்றி, வீட்டில் வைப்பதுபோல் என் ஜோடிக்கு நடுவில் மீமீயின் ஜோடியை வைத்துவிட்டு உள்ளே போனேன். தரை ஐஸ் கட்டி. அத்தனை பேர் காலிலும் ஷூ.

"அம்மா, எல்லாரும் தப்பு பண்றாங்க" என்றாள் மீமீ.

தப்பு யாருடையது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் எல்லோர் முன்னாலும் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வரத் துணிவில்லை. கடைசி பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி சாக்ஸோடு வந்தார்கள். அப்புறம் இன்னும் இருவர். முறை தெரிந்தவர்களும் இருக்கிறார்களே என்று நிம்மதியானேன்.

பதினொன்றே முக்கால் ஆகியும் அவர் வரவில்லை. மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த அம்மாளிடம் நோட்டைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ட்ராம் போன திசையைக் காட்டி இரண்டு விரலை நீட்டினார்.

வேறு சர்ச். ஆறு மணி நேரத்தில் முக்கால் மணி போய்விட்டது. அங்கே காத்து நின்றவர் இந்நேரம் எங்கே போயிருப்பாரோ. மாமியாரிடம் என்ன சொல்வேன்? மீமீயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

படியில் ஒருவர் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, போன் அப்பா" என்றாள் மீமீ.

அவர் நிமிர்ந்தார். அரைமணி காத்துப் பார்த்துவிட்டு, ட்ராம் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு வாசலாகப் பார்த்து மேலே ஏறி வந்தாராம்.

"இந்த ஊர்ல எத்தனை சர்ச் இருக்கு தெரியுமா? இது ஒண்ணுலதான் வாசல்ல செருப்பு இருந்துச்சு. அதுவும் பெரிசுக்கு நடுவுல சின்னது."

எங்கள் செருப்புக்குப் பக்கத்தில் நான்கு ஜோடி ஷூக்கள் வரிசையாக இருந்தன.

"பாருங்க, அவங்களும் கழட்டியிருக்காங்க" என்றேன்.

"உன் செருப்பைப் பார்த்துதான் கழட்டியிருப்பாங்க."

"நீங்க ஏன் கழட்டுறீங்க?"

அவர் அவிழ்ந்த கயிற்றைப் பார்த்தார்.

ஐந்து மணி வரை லிஸ்பனை நடந்தே பார்த்தோம். ஒரு நொடிகூட மீமீ அவர் தோளைவிட்டு இறங்கவில்லை.

இந்தக் கதையை இப்போது தெரு முழுக்கச் சொல்வது மாமியார்தான். (அவர் சொல்லும் கதையில் ஷூ நாற்பது ஜோடி.) என் கணவர் லீவில் வந்தால் மீமீ கண்ணாமூச்சிக்கு இழுப்பாள். அலமாரிக்குள் ஒளிந்துகொள்வாள், அலமாரி வாசலில் அவள் செருப்பு ஒழுங்காகச் சேர்த்து வைத்திருக்கும்.

"இப்படி வெச்சா கண்டுபிடிச்சிடுவாரேடி" என்றேன் ஒருநாள்.

"அதுக்குத்தான்மா வெக்கிறேன்" என்றாள் உள்ளிருந்து.