ஈர்க்கப்பட்ட ஹெப்ரான்

பேட்டையில் ஆசியாவையே திரும்பிப் பார்க்க வைக்கும் தொழில்நுட்ப நகரம் ஒன்று எழுந்திருக்கிறது. உலகத் திறமையாளர்களை ஈர்ப்பதற்கென்றே அதற்கு ஓர் ஆணையமும் உண்டு. ஆணையர் சத்தியநேசன், பாளையங்கோட்டைக்காரர்.

கம்ப்யூட்டர் படித்த ஹெப்ரானின் வீடு அந்த நகரத்தின் மதிலை ஒட்டியே இருந்தது. அவனுக்கு ஒரே ஆசைதான். உள்ளூரில் வேலை பார்க்கணும், மத்தியானம் அம்மா கையால் சோறு திங்கணும். ஆணையரைப் போய்ப் பார்த்தான்.

"தம்பி, ஒமக்குத் திறமை இருக்கு. ஆனா நீரு இங்கனயே இருக்கீரே! பக்கத்துல இருக்க ஆள எப்படி வே ஈர்க்க முடியும்?"

"அப்ப நான் என்ன சார் செய்யணும்?"

"தூரமாப் போவும். நாங்க ஈர்க்குதோம்."

நியாயந்தானே! ஹெப்ரான் சிங்கப்பூர் போனான். ஒரு வருஷம் கழித்து முறைப்படி ஈர்க்கப்பட்டான். மேளம் முழங்கியது. ஆணையர் கைகூப்பி, "வ-ண-க்-கம்" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்தார். ஹெப்ரான் அதைத் திருப்பிச் சொன்னதும் கூட்டம் சொக்கிப் போய்க் கைதட்டியது.

வெளிநாட்டுத் திறமையாளர்கள் விருந்தினர் மாளிகையில்தான் தங்க வேண்டும். காரம் ஒத்துக்காது என்று ரொட்டியும் உப்பில்லாத சூப்பும் கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிரே அவன் வீட்டு அடுக்களை. பாவிப்பய, அம்மா வைக்கிற மீன்குழம்பின் வாசத்தைத் தொட்டுக்கொண்டு ரொட்டியைத் தின்றான்.

பொறுக்க மாட்டாமல் ஒருநாள் அம்மா சாரம்மாளே மாளிகை வாசலுக்கு வந்துவிட்டாள். நடுவில் மொழிபெயர்ப்பாளர் நின்றார். வேறு யாருமில்லை, அடுத்த தெருக் கிங்ஸ்டன்தான்.

"ஏலே, சாப்ட்டியா?"

கிங்ஸ்டன் அதை இங்கிலீஷில் சொன்னான்.

"இல்லம்மா!" என்று கத்தினான் ஹெப்ரான்.

"இல்லையாம்" என்று கிங்ஸ்டன் அவளுக்கு விளக்கினான்.

"வெளங்காத பயலே, எம்புள்ள பேசுதது எனக்கு வெளங்காதால?"

ஹெப்ரானுக்கு அழுகையே வந்துவிட்டது. நேரே ஆணையரிடம் ஓடினான்.

"வேலையே வேண்டாம் சார். வீட்டுக்குப் போறேன்."

ஆணையர் விதி தவறாதவர். வேலையை விட்ட வெளிநாட்டுத் திறமையாளரை எங்கிருந்து ஈர்த்தார்களோ அங்கேயே கொண்டு சேர்ப்பதுதான் விதி. அன்றைக்கே சிங்கப்பூர் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். சாரம்மாளால் குழம்பைச் சோற்றில் பிசைந்து ஒரு பொட்டலம் கட்டித் தரத்தான் முடிந்தது.

வானத்தில் ஹெப்ரான் பொட்டலத்தைப் பிரித்தான். வாசம் பட்டதும் விமானமே திரும்பிப் பார்த்தது. முன்னால், பின்னால், எல்லாம் நம்ம பேட்டை ஆட்கள். ஈர்க்கப்படுவதற்காகத் தூரமாகப் போகிறவர்கள். ஜன்னலோரம் ஆணையரின் மகன் மெர்வின்.

"ஏலே, எனக்கு ஒரு உருண்டை குடுல" என்று கடைசி வரிசையிலிருந்து கையை நீட்டியது நான்தான்.