இலைக்குள்ளே ஒரு கிளி

"கிளி பாக்கத்தான் போறாருண்டு அந்தப் புள்ள இன்னமும் நம்பிக்கிட்டு ஈக்குது."

பாண் ரொட்டி வண்டிக்குப் பின்னால் நின்ற செல்லப்பாவின் காதில் இது விழுந்தது. சொன்னவர் பக்கத்து வீட்டு ரபீகா. வண்டியின் அந்தப் பக்கம் நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். செல்லப்பா பாண் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினார். கண்டியில் அந்த மாதம் முழுக்க வானம் பிழியாத துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மனமும் அப்படியே தொங்கியது.

அந்தப் புள்ள என்றால் யசோதா. செல்லப்பாவின் மனைவி.

போன வருடம் செல்லப்பா குடியால் ஈரல் வீங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்தார். யசோதா வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தே இரவுகளைக் கழித்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"இனி ஒரு சொட்டுக் குடிச்சாலும் நான் நாவலப்பிட்டிக்கு எங்கம்மாகிட்டப் போயிருவேன். சண்டை போடமாட்டேன். அழமாட்டேன். போயிருவேன்."

சண்டை போடும் மனைவியைச் சமாளிக்கச் செல்லப்பாவுக்குத் தெரியும். காது இரண்டையும் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டால் போதும். சண்டை போடாமல் போகிற மனைவிக்கு என்ன மருந்து என்று யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

அவரும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தார். புடவைக்கடையில் துணி அளந்தார். வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார். சுவரைப் பார்த்தார். தூங்கினார். அப்புறம்தான் கிளி வந்தது.

ஒரு சின்னக் கிளி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உடம்பெல்லாம் பச்சை, உச்சந்தலை மட்டும் குங்குமம் கொட்டியதுபோலச் சிவப்பு. வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கித் தூங்கும். எந்தக் கித்துள் பனையில் கள்ளு வடிய மண்முட்டி கட்டினாலும் அதற்கு மூக்கு வேர்த்துவிடும். கடைக்கு வந்த ஒருவர் இதைச் சொல்லி, கலஹா பக்கத்தில் நிறையப் பார்க்கலாம் என்றார். செல்லப்பாவுக்கும் மூக்கு வேர்த்தது.

"நான் இனி ஞாயிற்றுக்கிழமைகள்ல கிளி படம் எடுக்கப் போறேன்" என்று யசோதாவிடம் அறிவித்தார். பழைய கேமரா ஒன்றைக் கழுத்தில் மாட்டிக் காட்டினார்.

ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "நல்லதுங்க. மனசுக்கு ஒரு மாத்தம் வேணும்ல" என்றாள். கேமராவைத் துடைக்கத் தன் பழைய சேலையில் ஒரு துண்டு வெட்டி, ஓரம் தைத்துக் கொடுத்தாள். செல்லப்பா அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதோடு கலஹா பஸ்ஸில் ஏறினார்.

கலஹாவுக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கி, தேயிலைக்கு நடுவே கீழே போனால் ஓர் ஓடை. ஓடைக்கரையில் கித்துள் மரம். மரத்தடியில் கள்ளிறக்கும் கறுப்பையா. செல்லப்பா இரண்டு சிரட்டை குடிப்பார். பிறகு கேமராவை மரத்தை நோக்கித் தூக்கி நாலைந்து தடவை அமுக்குவார். ஏலக்காய் மென்றுகொண்டு வீட்டுக்கு வருவார்.

"இதுல கிளி எங்கங்க?"

"இலைக்குள்ள இருக்கு."

"எந்த இலைக்குள்ள?"

"அது பச்சை. இலையும் பச்சை. பழகின கண்ணுக்குத்தான் தெரியும்."

"அந்தச் சிவப்புத் தலை எங்க?"

"அந்தப் பக்கம் திரும்பியிருக்கு."

யசோதா ஒரு படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, முன்னறையில் மாட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம், "இதுக்குள்ள ஒரு கிளி இருக்கு" என்பாள். வருகிறவர்களும் பிளேன்டீ ஆறும்வரை தேடுவார்கள். ரபீகா தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினார். அப்படித் தேடிப் போனவர்தான் இன்று பாண் வண்டியடியில் வாயைத் திறந்தது.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. யசோதாவுக்குத் தெரிய இன்னும் எத்தனை நாள்? அவளில்லாத வீட்டைச் செல்லப்பா ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். அடுப்படி இருட்டாக இருந்தது.

அந்த இடத்திலேயே சபதம் எடுத்தார். இந்த ஞாயிறு நிஜக் கிளி. ஒரு சொட்டுக் கள்ளு கிடையாது. கிளி கிடைத்த சந்தோசத்தில் ஒரே ஒரு சிரட்டை என்ற துணைச் சபதத்தை மனசுக்குள்கூட அவர் சத்தமாகச் சொல்லவில்லை.

"இந்தத் தடவை தெளிவாப் படம் எடுத்துக்கிட்டு வர்றேன் பாரு" என்றார் யசோதாவிடம்.

"நானும் வர்றேன்."

"நீ எதுக்கு? ஒரே அட்டைக்கடி."

"உப்பு எடுத்துக்குவோம்."

"மழை."

"குடை எடுத்துக்குவோம்."

செல்லப்பா கொல்லைப்புறம் போய், வாழை மரத்துக்குப் பின்னால் நின்று கறுப்பையாவுக்குத் தொலைபேசினார். "அண்ணே, நாளைக்கு என் சம்சாரமும் வருது. என்னைய முன்னப்பின்ன பார்த்ததே இல்லன்னு சொல்லணும்."

"சொல்லிருவோம் தம்பி" என்றார் கறுப்பையா. தயங்காமல் சொன்னார். அந்தத் தயங்காமைதான் செல்லப்பாவைச் சந்தேகப்பட வைத்திருக்க வேண்டும்.

பஸ் முழுக்க ஈர வாடை. பேராதனை தாண்டியதும் பனிமூட்டம் ஜன்னலை மூடிக்கொண்டது. இறங்க வேண்டிய இடம் வந்ததும் செல்லப்பாவுக்கு முன்னால் எழுந்தவள் அவள்தான். அவர் அதைக் கவனித்தார். தற்செயல் என்று எண்ணிக்கொண்டார். தப்பு செய்கிறவனுக்குத் தற்செயலில் பெரிய நம்பிக்கை உண்டு.

மரத்தடியில் கறுப்பையா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். செல்லப்பாவைக் கண்டதும் மார்பில் கைவைத்துப் பின்வாங்கினார்.

"யாருங்க ஐயா நீங்க? இந்தக் கண்ணால உங்களைப் பார்த்ததே இல்லீங்களே! எந்த ஊருங்க? எந்த நாடுங்க?"

போதும் போதும் என்று செல்லப்பா கண்ணால் கெஞ்சினார்.

கறுப்பையா யசோதா பக்கம் திரும்பினார். "வா தங்கச்சி. எங்க வீட்டு ரத்தினம்மா உன்னையத்தான் காலையில இருந்து கேட்டுக்கிட்டு இருக்கா. போன கெழமை நீ தச்சுக் குடுத்த சட்டை அளவா இருக்காம்."

"நீ... இங்க வந்திருக்கியா?" என்றார் செல்லப்பா.

"நீங்க கடைக்குப் போற நாள்ல."

"எப்படித் தெரிஞ்சது?"

"கிளி இருக்குன்னு சொன்னீங்க. தினம் விளக்கு வச்சதும் அந்தப் படத்தை ஓர் ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் தேடினேன். கிளி இல்ல. கீழ் மூலையில ஒரு சிரட்டை இருந்துச்சு. அப்புறம் கலஹா பஸ் கண்டக்டர்கிட்ட, கேமரா மாட்டிக்கிட்டு ஒருத்தர் வருவாரே, எங்க இறங்குவாருன்னு கேட்டேன்."

செல்லப்பா கறுப்பையாவைப் பார்த்தார். கறுப்பையா கத்தியைப் பார்த்தார்.

"பொம்பளைங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டாங்க தம்பி. கேக்கலன்னா எங்க வீட்டுல எனக்குச் சோறு கெடையாதுன்னா நான் என்ன செய்யிறது? ஒங்க முட்டிக்குள்ள சுண்ணாம்பு தடவிட்டேன். சுண்ணாம்பு பட்டா புளிக்காது, வெறும் பதநீர்தான். அதுல தேசிக்காய்ப் புளியும் பழைய இளநீரும் ஊத்தி நுரை வர ஆத்திக் குடுத்தேன். ஒரு மாசமா அதத்தான் குடிச்சுக்கிட்டு இருக்கீங்க."

"ஒரு மாசமா?" செல்லப்பாவுக்கு நம்ப முடியவில்லை. "போன ஞாயிறு எனக்கு நடக்கவே முடியலையே! வேலியைப் பிடிச்சுக்கிட்டுத்தானே வந்தேன்!"

"நானும் பார்த்தேன்" என்றாள் யசோதா. "பாவமா இருந்துச்சு."

"கிளிங்கதான் கெட்டி" என்றார் கறுப்பையா. "சுண்ணாம்பு போட்ட ரெண்டாம் நாளே இந்த மரத்தை விட்டுருச்சுங்க. எல்லாம் இப்ப அங்கிட்டு இருக்குற மரத்துல. அந்த முட்டியில மட்டும் நெசக் கள்ளு."

மூவரும் ஓடையைத் தாண்டிப் போனார்கள். கிளிகள் இருந்தன. சிவப்புத் தலைகள் முட்டியின் விளிம்பில் மொய்த்திருந்தன. ஒன்று குடித்துவிட்டு, பக்கத்துப் பாளையில் தலைகீழாகத் தொங்கி மழையில் மெல்ல ஆடியது.

"எடுங்க" என்றாள் யசோதா. குடையை அவர் தலைக்கு மேலே பிடித்தாள்.

செல்லப்பா எடுத்தார். யசோதா கேமராவை வாங்கித் திரையைப் பார்த்தாள். படம் தெளிவாக இருந்தது. நட்ட நடுவில் முட்டி. முட்டியின் வாயில் நுரை. ஓரத்தில் ஒரு பச்சை வால்.

கேமராவை அவர் கழுத்தில் திரும்ப மாட்டினாள்.

"அண்ணே, அதுல ஒரு சிரட்டை இறக்குங்க."

கறுப்பையா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மரத்தில் ஏறினார். கிளிகள் சிதறிப் பறந்தன. நுரையோடு வந்த சிரட்டையை யசோதா வாங்கிக்கொண்டாள்.

"நீங்க இந்த ஒரு மாசமா குடிக்கல. ஆனா குடிக்கத்தான் வந்தீங்க. எனக்கு இனி சுண்ணாம்பு தடவிக்கிட்டுத் திரிய ஏலாதுங்க. இது நெசக் கள்ளு. குடிச்சீங்கன்னா நான் பேராதனையில இறங்கி நாவலப்பிட்டி பஸ்ஸைப் பிடிச்சுக்கிறேன். வேணாம்னா ரெண்டு பேரும் கண்டிக்குப் போவோம்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் செல்லப்பா பிழைத்திருப்பார். மழை சிரட்டைக்குள் சொட்டியது. புளித்த வாசனை மேலே வந்தது.

"வேணாம்" என்றார் செல்லப்பா. "சத்தியமா வேணாம் யசோ."

சொல்லும்போதே அவருடைய வலது கை சிரட்டையை நோக்கி நீண்டிருந்தது. அவருக்கே அது பிறகுதான் தெரிந்தது. மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை.

யசோதா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, அது எட்டுவதற்கு முன், சிரட்டையைத் தன் வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அடி மண்டி வரைக்கும் குடித்தாள்.