லூர்து அம்மாவின் காதில் விழுந்த ‘ஓம்’

மொழிபெயர்க்கப் போகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கக் கூடாது. இந்தப் பாடத்தை நான் ஒரு மண்டபம் நிறையச் சனத்துக்கு முன்னால்தான் கற்றுக்கொண்டேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கனடாவில், மொன்றியல் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்தோம். பிரெஞ்சு வகுப்பில் முதலாவதாக வந்தவள் என்ற தலைக்கனம் எனக்கு. (பரீட்சை அன்று பனிப்புயல். மூன்று பேர்தான் போயிருந்தோம்.) அதனால், பிரேசில் நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்துக்கு வந்து பெண்களோடு பேசப் போகிறார் என்றதும், மொழிபெயர்க்க நான்தான் முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன்.

அவர் பெயர் லூர்தெஸ். எங்கள் பெண்கள் உடனே ‘லூர்து அம்மா’ ஆக்கிவிட்டார்கள். அமேசான் ஆற்றங்கரையில் பிறந்து, கன்னியாஸ்திரிகளிடம் பிரெஞ்சு படித்தவர். அங்கே மீன் வெட்டிக் காயவைத்து, கிழிந்த வலை பொத்துகிற பெண்களை மீனவர் சங்கம் கணக்கிலேயே எடுக்கவில்லையாம். இவர் ஊர் ஊராகத் தோணியில் போய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறார். தோணியை யாரோ கவிழ்த்துவிட, கடதாசிக் கட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி ஒரு கையால் நீந்திக் கரை சேர்ந்தாராம். அந்தக் கை எனக்குப் பக்கத்தில், மேசைமேல் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பிரமிப்பு எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

நகரசபை உறுப்பினர் ஒருவரும் குறிப்புப் புத்தகத்தோடு வந்திருந்தார். தாய்மாருக்குப் பகலில் பிரெஞ்சு வகுப்பு நடத்த, பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள, ஓர் அறை தாருங்கள் என்று அவரிடம் இரண்டு வருடமாகக் கேட்டு அலுத்திருந்தோம். அன்று எப்படியும் பதில் சொல்வதாக இருந்தார்.

லூர்து அம்மா, வகுப்புக் கேட்டு முன்வரிசையில் இருந்த பதினான்கு பெண்களையும் பார்த்துக் கேட்டார்: “இந்த வகுப்பு வேண்டுமென்று முடிவெடுத்தது யார்? நீங்களா?”

நான் தமிழில் சொன்னேன்.

“ஓம்!” என்றார்கள் எல்லோரும். ‘ஆமாம்’ என்பதற்கெல்லாம் மொழிபெயர்ப்பு எதற்கு என்று நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“வீட்டில் கடைசி வார்த்தை யாருடையது? உங்களுடையதா?”

“ஓம், ஓம்!” சிரிப்பும் சேர்ந்துகொண்டது.

அவர் முகம் வாடியது. தேநீர்த் தட்டோடு வந்த என் கணவரைப் பார்த்து, “வகுப்புக்குப் போகப்போவது யார்?” என்றார். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற மனிதர். பிரெஞ்சில் யார் என்ன கேட்டாலும் பணிவாகத் தலையாட்டிப் பழகியவர்.

“ஓம், ஓம்.”

லூர்து அம்மா எழுந்து நகரசபை உறுப்பினரைப் பார்த்தார். “ஐயா, முடிவெடுத்தது ஆண். கடைசி வார்த்தை ஆணுடையது. வகுப்புக்குப் போவதும் ஆண்! பெண்களே கேட்கும்வரை இந்த அறையைக் கொடுக்காதீர்கள்!”

நகரசபைக்காரர் பேனாவை மூடினார். பிரெஞ்சில் ஆணுக்குச் சொல்லும் சொல்லும் எங்கள் ‘ஓம்’மும் காதுக்கு ஒன்றேதான். இரண்டு வருட அலைச்சல் என் வாய் பிளப்பால் போகப்போகிறது. பதறிப்போய்ப் பிரெஞ்சில் கத்தினேன்: “மடாம், அவர்கள் சொன்னது ஓம் இல்லை, ஓம்!”

அதாவது, ‘ஆண் இல்லை, ஆண்!’ அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

மூச்சை இழுத்துவிட்டு, “எங்கள் மொழியில் அதற்கு ‘ஆமாம்’ என்று அர்த்தம், நான்தான் சொல்லாமல் விட்டேன்” என்றேன். லூர்து அம்மா சிரிக்கவில்லை. பதினான்கு பேரிடமும் ஒவ்வொருவராகப் போய்க் கையைப் பிடித்தார்.

“முப்பது வருடமாக இந்தக் கேள்விக்கு ‘ஆண்’ என்ற பதிலைத்தான் கேட்டேன். இன்று பெண்கள் ‘ஆம்’ என்றபோதும் என் காதில் அதுதான் விழுந்தது. மன்னித்துவிடுங்கள்” என்றார்.

தோணியைக் கவிழ்த்தவர்களுக்கே பயப்படாதவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார். நான் அழத் தொடங்கிவிட்டேன், மறுபடியும் மொழிபெயர்க்காமல்.

“என்ன சொல்லுறா? அழாமல் சொல்லன் பிள்ளை!” என்று அதட்டினார் பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா.

சொன்னேன். பிறகு லூர்து அம்மா நகரசபைக்காரர் பக்கம் திரும்பி, “அறை தருவீர்களா?” என்றார்.

அவர் சிவந்துபோன முகத்தோடு, “ஓம்” என்றார்.

“இது எந்த ஓம் எண்டு கேள் பிள்ளை” என்றார் பிலோமினா அக்கா.

நல்ல ஓம்தான். அடுத்த மாதமே வகுப்புத் தொடங்கியது. என் கணவருக்குத்தான் அன்று பிடித்த குறும்பு இன்னும் போகவில்லை. தொலைபேசியில் யாருக்காவது நான் “ஓம்” என்றால் போதும், எந்த அறையில் இருந்தாலும் எட்டிப் பார்ப்பார்.

“கூப்பிட்டனீரே?”