மாமாவின் பெயரில் ஒரு கடவுச்சொல்

வீடியோ பார்த்தே நிரல் எழுதப் பழகியவனுக்கு, நிரல் எப்படி ஓடும் என்று தெரியும். எப்படிக் கவிழும் என்று தெரியாது. (கவிழ்த்துக் காட்டி யாரும் வீடியோ போடுவதில்லை.)

செக்காலைப் பகுதியில் பலகாரக் கடை வைத்திருந்த ஆரோக்கியம் மாமாவின் மகள் ஜெசியை எனக்குப் பெண் கேட்டிருந்தோம். "பையன் கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றானாமே, நம்ம கடைக்கு ஒரு வெப்சைட் போடச் சொல்லுங்க, பாப்போம்" என்றார் மாமா. பரீட்சை அதுதான்.

போட்டேன். பலகாரங்களின் பெயரும் விலையும் தரவுத்தளத்தில் இருக்கும். சர்வரில் உள்ள நிரல் கடவுச்சொல்லைச் சொல்லி உள்ளே போய், அவற்றை எடுத்துவந்து பக்கத்தில் காட்டும். கடவுச்சொல்லுக்குத்தான் யோசித்தேன். எங்கள் தேவாலயப் பங்கில் தெருவுக்கு இரண்டு ஆரோக்கியம். பட்டப்பெயர் இல்லாமல் ஆளைச் சொல்ல முடியாது. மாமாவுக்கு 'அரைமுறுக்கு'. ருசி பார்க்கக் கேட்டால் உடைத்துப் பாதிதான் தருவார். அவர் காதுபட ஒருவரும் உச்சரிக்காத சொல். இதைவிடப் பத்திரமானது உண்டா?

வெப்சைட் திறப்பு விழாவுக்கு இரு வீட்டாரும் கடையில் கூடியிருந்தார்கள். சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம். என் கணினியில் ஓடிய நிரலை அப்படியே சர்வரில் ஏற்றியிருந்தேன். தரவுத்தளத்தின் முகவரியை மாற்ற மறந்திருந்தேன். இணைப்புக் கிடைக்காத நிரல், எங்கே போனேன், என்ன கடவுச்சொல் கொடுத்தேன் என்று முழு வாக்குமூலத்தையும் சுவரில் எழுதிவிட்டது.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசித்தார். "அரை... முறுக்கு."

என் அப்பா செருப்பைத் தேடினார். (கிளம்பத்தான் தேடினேன் என்று இன்றுவரை சொல்கிறார்.)

"ஊருக்குள்ள சொல்றாகன்னு தெரியும். இம்புட்டுப் பெரிசா யாரும் எழுதிக் காட்டுனதில்ல" என்றார் மாமா. "ஏந்தம்பி, வேற பேரே கிடைக்கலையா?"

"உங்க முன்னாடி யாரும் இதச் சொல்ல மாட்டாக மாமா. அதான் பத்திரமா இருக்கும்னு..."

முதலில் சிரித்தது அத்தைதான். "இவனுக்குப் பொய் சொல்ல வராதுங்க. பொண்ணைக் குடுத்துருவோம்."

"குடுப்போம். மொதல்ல அந்தச் செவத்த அணைக்கச் சொல்லு" என்றார் மாமா.

கல்யாணம் நடந்தது. கிறிஸ்துமஸுக்கு வீடு நிறையச் சொந்தங்கள் வந்தால் எங்கள் வைஃபைக்கு யாரும் கடவுச்சொல் கேட்பதில்லை. போனை நீட்டி, அத்தை சொல்லிக்கொடுத்தபடி கேட்கிறார்கள்: "இந்த வருசம் யாரு பட்டப்பேர வச்சிருக்கீக மாப்ள?"